சிங்கப்பூரில் நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: திருச்சியிலிருந்து வேலை நிமித்தமாகச் சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் ஈசூனில் குடியிருக்கிறோம். வார இறுதியில் மகளின் வகுப்புகள் முடிந்து பிற்பகல் மூன்று மணிவாக்கில்தான் வெளியே கிளம்ப முடிகிறது. கைப்பேசியில் நான்கரை நட்சத்திரம் பெற்ற கடைகளாகப் பார்த்துப் போகிறோம். பாதி நேரம் ஏமாற்றமே மிஞ்சுகிறது. அடுத்த மாதம் பெற்றோர் வருகிறார்கள். அப்பா முட்டைகூடத் தொடாத சைவம். அம்மா மீன் சாப்பிடுவார், ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவ்வளவு சிறிய ஊரில் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்புகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். சிங்கப்பூரில் வெளியே சாப்பிடுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. மதியத்துக்காகச் சமைத்தது தீர்ந்து அடிச்சட்டி தெரியத் தொடங்கியிருக்கும். மாலைக்கான சமையல் இன்னும் அடுப்பில் ஏறியிருக்காது. விடியற்காலையிலிருந்து நின்று வேலை பார்த்த சமையற்காரர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணயர்ந்திருப்பார். அந்த நேரத்தில் உங்களுக்குப் பரிமாறப்படுவது மீந்தது மட்டுமே. நட்சத்திரம் கொடுத்தவர் அதே கடையில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டிருப்பார்.

நான் பதினெட்டு ஆண்டுகள் மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையின் சார்பில் உணவகங்களுக்கும், பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் உணவங்காடிகளின் கடைகளுக்கும் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தேன். அதிகாலை நான்கரை மணிக்கு வேனை எடுத்தால் பதினொரு மணி வரையில் கடை கடையாகப் பின்வாசலில்தான் நிற்பேன். எந்தக் கடை உளுந்தை மூட்டையாக வாங்கி அரைக்கிறது, எந்தக் கடை ஆட்டிய மாவை வாளியில் வாங்கி வைத்துக்கொள்கிறது, எங்கே தேங்காய்ப் பால் பிழியப்படுகிறது, எங்கே அட்டைப்பெட்டியிலிருந்து ஊற்றப்படுகிறது என்பதெல்லாம் அந்த வழியில் தெரிந்துகொண்டவை. கடைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுப்பது எனக்கு எளிது. ஆனால் சமையற்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டாலோ வாடகை ஏறிக் கடை இடம் மாறிவிட்டாலோ அந்தப் பட்டியல் பயனற்றுப் போகும். ஆகவே சில பெயர்களைச் சொல்கிறேன் என்றாலும், நல்ல கடையை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளும் வழியைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை எனக்கும் ஓர் அனுபவம்தான் புரியவைத்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த என் தாய்மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, லிட்டில் இந்தியாவில் நான் வாரத்துக்கு மூன்று முறை சரக்கு இறக்கும் ஒரு சைவ உணவகத்துக்கு அழைத்துப்போனேன். அந்தக் கடையின் தோசையை எல்லாரிடமும் புகழ்ந்து பேசுபவன் நான். அன்று வந்த தோசையின் மாவு புளித்துப் போயிருந்தது; சட்னியில் தேங்காய் திரிந்த வாடை அடித்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் பாதியில் இலையை மூடினார். எனக்கு மிகவும் வருத்தமாகப் போய்விட்டது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அதே கடைக்கு அதே மேசைக்கு அவரைக் கூட்டிப்போனேன். கல் அப்போதுதான் சூடேறியிருந்தது, சட்னி அரைத்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, சாம்பாரில் முருங்கைக்காய் உடையாமல் முழுதாகக் கிடந்தது. மாமா நான்கு தோசை சாப்பிட்டார். கடையும் மாவும் மாஸ்டரும் மாறவில்லை. மாறியது கடிகாரத்தின் முள் மட்டுமே.

தோசைக்கும் இட்லிக்கும் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை. தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோற்றோடு சம்பால் என்ற மிளகாய் விழுதும் நெத்திலியும் வைத்துத் தரும் நாசி லெமாக், மலாய்க்காரர்களின் காலையுணவு; அதையும் பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இரவில் தனியாக வடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்றாலும். பிரியாணிக்குப் பதினொன்றேகாலிலிருந்து ஒரு மணி வரை. முட்டையும் கொத்திய இறைச்சியும் உள்ளே வைத்துச் சுடும் முர்தபாவுக்கு மாலை. பிராட்டாவுக்கு இரண்டு நேரம்: விடியற்காலை, இரவு பத்துக்கு மேல்.

பிரியாணியைப் பற்றிச் சொல்லும்போது லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. தேக்கா நிலையத்தில் கீழ்த்தளத்தின் ஒரு பாதி ஈரச்சந்தை, மறுபாதி உணவுக் கடைகள். அங்கே அலாவுதீன், யாக்காதர் போன்ற பிரியாணிக் கடைகள் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றவை. ஒரு வார நாளில் பதினொரு மணிக்குச் சற்று முன்னதாகப் போய், ஏதாவது ஒரு பிரியாணிக் கடையின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய சட்டியின் மூடியைத் திறக்கும்போது முதலில் எழும் ஆவியில் நெய்யும் புதினாவும் சேர்ந்து மணக்க வேண்டும். கரண்டியைச் சட்டியின் ஓரமாக விட்டு, அடியிலிருந்து மேலே கொண்டுவந்து புரட்டும்போது வெள்ளைச் சோறும் மஞ்சள் சோறும் தனித்தனியாக உதிர்ந்து விழ வேண்டும். எல்லாச் சோறும் ஒரே ஆரஞ்சு நிறமாக இருந்தால், இறைச்சியும் அரிசியும் தனித்தனியே வெந்து தட்டில்தான் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். இரண்டு மணிக்குச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் கடை நல்ல கடை. இரவு ஏழு மணிக்கும் பிரியாணி இருக்கிறது என்று சொல்லும் கடையில், மாலையில் இரண்டாவது சட்டி ஏற்றினீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். "அண்ணே, இது எத்தனை மணிக்கு இறக்கினது?" என்று கேட்பதை நல்ல கடைக்காரர் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், பெருமையாகத்தான் பதில் சொல்வார்.

பிராட்டாவிலும் இதே போல் கண்ணாலேயே பாதி தெரிந்துவிடும். நம்மூர்ப் பரோட்டாவின் வாரிசுதான் இது, ஆனால் இங்கே மெல்லியதாக வீசி, மடித்து, வெளியே மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் தட்டில் வரிசையாக இருக்க, மாஸ்டர் ஒன்றை எடுத்து உள்ளங்கையால் தட்டிப் பரப்பி, விரல்நுனியில் பிடித்து இரண்டு மூன்று முறை வீச, அது எதிரே இருப்பவர் முகம் தெரியும் அளவுக்கு மெலிந்து விரியும். சுட்டெடுத்தபின் இரண்டு கைகளாலும் ஓரத்தைத் தட்டி அடுக்குகளை உடைப்பார்கள். அந்தத் தட்டும் சத்தம் கேட்கும் கடையில் உட்காருங்கள். உறைபனிப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுடும் கடைகளும் இப்போது நிறைய உண்டு. அங்கே வரும் பிராட்டா எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே வட்டமாக, ஒரே கனமாக இருக்கும். உங்கள் ஈசூனிலிருந்து அதிக தூரமில்லாத அப்பர் தாம்சன் சாலையும், ஜாலான் காயுவும் பிராட்டாவுக்காகவே மக்கள் தேடிப்போகும் வட்டாரங்கள். மகளுக்கு வீசுவதைப் பார்க்கப் பிடிக்கும். கல்லுக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து உட்காருங்கள்.

நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை முற்றாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். படிக்கும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், கடைசி இரண்டு மாதக் கருத்துகளை மட்டும் பாருங்கள். சமையற்காரர் மாறியிருந்தால் அங்கேதான் தெரியும். எழுத்தைவிட வாடிக்கையாளர் எடுத்த படங்களைப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே உணவைப் படம் பிடித்திருந்தால், அந்தக் கடையில் சாப்பிட வேண்டியது அதுதான்; அதே கடையில் வேறொன்றைக் கேட்டு வாங்கி ஏமாந்தவர்கள்தாம் பெரும்பாலும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பார்கள். விருதுகளும் இப்படித்தான். உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷெலின் வழிகாட்டி 2016-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது, உலகிலேயே முதன்முறையாக இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்தது. சோயா சாஸ் கோழி விற்ற ஒன்று 2021-இல் அதை இழந்தது, பன்றியிறைச்சி மீ (நூடுல்ஸ்) விற்கும் மற்றொன்று இன்னும் வைத்திருக்கிறது. விருது கிடைத்த கடையில் முதலில் நீளுவது வரிசைதான். பக்கத்துக் கடைக்காரர் முப்பது ஆண்டுகளாக அதே கோழிச்சோற்றை அதே அக்கறையோடு விற்றுக்கொண்டிருக்கலாம். அங்கே பத்து நிமிடத்தில் சாப்பாடு கைக்கு வந்துவிடும்.

வரிசையையும் பார்க்கத் தெரிய வேண்டும். கையில் கேமராவோடு நிற்பவர்களின் வரிசை வேறு, அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி நிற்பவர்களின் வரிசை வேறு. பின்னவர்களுக்கு மதிய இடைவேளை ஒரு மணி நேரம். அதில் இருபது நிமிடத்தை வரிசையில் செலவழிக்கிறார்கள் என்றால், வாரத்தில் ஐந்து நாளும் அப்படிச் செலவழிக்கிறார்கள் என்றால், அந்தச் சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது. தனியாக உட்கார்ந்து பேசாமல் சாப்பிடும் முதியவர்கள் அதிகமுள்ள கடையை நான் எப்போதும் நம்புவேன். அவர்கள் அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர்கள். காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்கள். சுவை குறைந்தால் மறுநாள் வரமாட்டார்கள்.

மாறாக, பலகையில் அறுபது உணவுகளின் படங்கள் ஒளிரும் கடையைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். ஒரு சிறிய அடுப்படியில் இரண்டு பேர் அறுபது உணவுகளைப் புதிதாகச் செய்ய முடியாது. உணவங்காடியின் பெருமையே ஒரு கடை, ஓர் உணவு, ஒரு கை என்பதுதான். 1968, 69 ஆண்டுகளில் தீவு முழுவதும் தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தபோது ஏறத்தாழ 18,000 பேர் இருந்தார்கள். 1971-க்கும் 1986-க்கும் இடையில் அவர்களைக் குழாய் நீரும் சாக்கடை வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்து அமர்த்தினார்கள். தள்ளுவண்டியில் ஒரே பொருளைச் சுமந்து வந்து விற்றவர்கள், கடை கிடைத்த பின்னும் அந்த ஒரே பொருளையே விற்றார்கள்; பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பெரிய அங்கீகாரம்தான். இருந்தாலும் விடியுமுன் எழுந்து வெங்காயம் உரிக்கப் பிள்ளைகள் முன்வராமல், எழுபது வயதில் கடையை மூடும் ஒவ்வொருவரோடும் ஒரு செய்முறை மறைந்துபோகிறது என்பதுதான் எனக்குக் கவலை. வயதானவர் நடத்தும் கடை எதையாவது கேள்விப்பட்டால் அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு வழி, வட்டாரத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது. ஓர் இடத்தில் யார் வந்து குடியேறினார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று தெரிந்தால் அங்கே எதைச் சாப்பிடலாம் என்பதும் தெரிந்துவிடும். தேக்காவின் மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். கால்நடை வணிகத்தைத் தொடர்ந்து நம்மவர்கள் இந்தப் பக்கம் வந்து தங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பால்காரர், பூக்காரர், மாவு மில், சாப்பாட்டுக் கடை என்று சிராங்கூன் சாலை வளர்ந்தது. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும், 1947-இல் தொடங்கிய கோமள விலாஸும் இன்றும் நடக்கின்றன. பக்கத்திலிருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி. இதை நம்மூர்ப் பண்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது இங்கே பிறந்தது. மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக, 1949-இல் சோஃபியா சாலைப் பக்கம் கடை வைத்த கேரளத்துக்காரர் எம். ஜே. கோமஸ் அதைப் புளிக்குழம்பில் இட்டுச் சமைத்தார் என்பார்கள். முத்து கறி 1969-இலும் பனானா லீஃப் அப்போலோ 1974-இலும் தொடங்கப்பட்டவை. பெரிய தலை ஒன்று நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும். கன்னத்துச் சதையை முதலில் எடுத்து மகளுக்குக் கொடுங்கள், முள் இருக்காது.

தமிழ் முஸ்லிம்களின் சமையலைத் தேடிச் சாப்பிடாமல் இந்த ஊரின் தமிழ்ச் சாப்பாட்டை அறிந்ததாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. தென்காசி, கடையநல்லூர் பக்கத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்தவர்கள், சீனரின் மஞ்சள் மீயை எடுத்துத் தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் சேர்த்து வாட்டி மீ கோரிங் ஆக்கினார்கள். இது இந்தியாவிலிருந்து வந்த பண்டமல்ல. பீச் சாலையிலுள்ள கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தில் சூப் துலாங் என்று கேளுங்கள். ஆட்டெலும்புகளைச் செக்கச்செவேலென்ற இனிப்பும் காரமும் கலந்த குழம்பில் மலைபோலக் குவித்துத் தருவார்கள். எலும்பைத் தட்டில் தட்டியும், உறிஞ்சுகுழாயை விட்டு உறிஞ்சியும் உள்ளிருக்கும் மச்சையை எடுத்துச் சாப்பிட வேண்டும். விரல் நகமெல்லாம் சிவந்துவிடும், வெள்ளைச் சட்டை வேண்டாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில், ஸாம் ஸாம் 1908 முதல் இருக்கிறது. முர்தபாவுக்கு அங்கே போகலாம்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூட்டம் அதிகம் என்று குடும்பத்தோடு வருபவர்கள் பலர் தவிர்ப்பார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். வாரம் முழுதும் கட்டுமானத் தளத்தில் வேலை செய்துவிட்டு, ஒரே ஒரு நாள் தன் ஊர்ச் சாப்பாட்டைத் தேடி வரும் தொழிலாளி எந்த மெஸ்ஸில் நெருக்கியடித்து உட்காருகிறாரோ, அங்கே ஊரின் சுவை பிசகாமல் இருக்கும். காரைக்குடி, மதுரை, இராமநாதபுரம் என்று கைப்பக்குவம் மாறுவதை அங்கே கேட்டே தெரிந்துகொள்ளலாம். லெம்பு சாலைப் பக்கம் போனால் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கான கடைகளில் கடுகு விழுதிட்ட மீன் கிடைக்கும், அம்மாவுக்குப் பிடிக்கலாம்.

அப்பாவின் சைவத்தைப் பற்றி நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே காய்கறி என்று சொல்வதெல்லாம் சைவமாகிவிடாது. சம்பாலில் பெலச்சான் என்ற இறால் விழுது இருக்கும். லோந்தோங் என்ற அரிசிக் கட்டிகளுக்கு ஊற்றும் காய்கறிக் குழம்பில் காய்ந்த இறால் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். சீனக் கடையில் வதக்கித் தரும் கீரையில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். பிராட்டாக் கடைகளில் முட்டை ஊற்றிய அதே கல்லில்தான் எல்லாம் சுடுவார்கள். சில கடைகளில் மாவிலேயே முட்டை சேர்ப்பதும் உண்டு. அதனால் அப்பாவுக்குப் பிராட்டா வாங்குவதானால் முழுச் சைவ உணவகத்தில் மட்டும் வாங்குங்கள். பலரும் கவனிக்காத ஒரு நல்ல வழி, சீன பௌத்தர்களின் சைவக் கடை. பெரும்பாலான உணவங்காடிகளிலும் காப்பிக்கடைகளிலும் அப்படி ஒன்று இருக்கும்; காலையில் சைவ பீஹூன் (அரிசிச் சேமியா) வாங்கலாம். இறைச்சி மட்டுமின்றிப் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகள் அவற்றில் நிறைய. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அங்கிருந்துதான் வாங்குவோம். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் அலைமோதும். கோழி, வாத்து போன்ற தோற்றத்தில் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை இருக்கும். அப்பா பார்த்ததும் திடுக்கிடக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு முதலில் பானம் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுங்கள். வெறுமனே தே என்றால் இனிப்பான கட்டிப்பால் ஊற்றிய தேநீர். தே சி என்றால் இனிப்பில்லாத கெட்டிப்பால், ஆனால் சர்க்கரை உண்டு. தே ஓ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. கோசோங் என்ற மலாய்ச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள். ஆகவே அம்மாவுக்குத் தே சி கோசோங் அல்லது தே ஓ கோசோங் என்று கேட்க வேண்டும். சியூ தாய் என்றால் சர்க்கரையைக் குறைப்பார்கள், அறவே விடமாட்டார்கள். சாப்பாட்டில், மெலிதாக அரிந்த மீன் துண்டுகள் போட்ட தெளிந்த மீன் சூப்பும், காய்கறியும் தவ்ஹூவும் (சோயாக் கட்டி) மீன் அடைத்த துண்டுகளும் நாமே பொறுக்கியெடுத்துக் கொடுக்கும் யோங் தாவ் ஃபூவும் நல்லவை. மீ வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

உங்கள் ஈசூனை மறந்துவிட்டு லிட்டில் இந்தியாவுக்கே ஓடிக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. உங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் காப்பிக்கடைகள் ஒவ்வொன்றிலும் ஒரு காலை, ஒரு மதியம், ஓர் இரவு போய் உட்காருங்கள். மூன்று வேளையில் அந்தக் கடையின் எந்தப் பகுதி எப்போது விழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பேருந்து ஓட்டுநர்களையும், இரவுப் பணி முடித்து வரும் தாதியரையும் கேளுங்கள். நல்ல கடை எது என்று கேட்டால் பெயர்பெற்ற கடையைத்தான் சொல்வார்கள். "அண்ணே, இன்னைக்குக் காலையில நீங்க எங்கே சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் உண்மை வரும். சீனக் கடைகளில் அங்கிள், ஆன்ட்டி என்று மரியாதையாக அழைத்து, பக்கத்து மேசையில் இருப்பதைக் கைகாட்டிக் கேட்டாலே போதும், மொழி தடையாகாது.

சில நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. உணவங்காடி நிலையங்கள் துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது மூடப்படும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் தேதி இருக்கும். சீனப் புத்தாண்டை ஒட்டிச் சீனக் கடைகள் ஒரு வாரமோ அதற்கு மேலோ திறக்காது. கடையில் மாட்டியிருக்கும் ஆங்கில எழுத்து சுகாதார மதிப்பீட்டைக் காட்டுவது. சமையலின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உணவகத்தின் விலைப்பட்டியலில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கு மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருப்பதற்கு நீங்கள் கொடுக்கப்போவது 23 வெள்ளி 98 காசு. மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் இதை மீறுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கிறார்கள். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும், பார்த்து வையுங்கள்.

மூன்று மணிச் சிக்கலுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. மகளின் வகுப்புக்கு முன்னதாகக் காலை ஏழரைக்கே வெளியே சாப்பிட்டுவிட்டு, மதியத்தை வீட்டில் தயிர்ச்சோற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் மூன்று மணிக்கு ஒரு தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) ஒரு வடையும் மட்டும் வாங்கிப் பசியாறிவிட்டு ஆறரை வரை பொறுத்திருங்கள். மாலைச் சமையலின் முதல் தட்டு உங்களுக்குக் கிடைக்கும்.

பெற்றோர் வந்த மறுநாள் காலை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறரைக்கெல்லாம் ரயிலேறி ஏழரைக்குள் தேக்காவில் இறங்குங்கள். ஈரச்சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் பச்சை மொச்சையும் குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஊரைவிட்டு வந்த உணர்வு பாதி குறைந்துவிடும். பிறகு சிராங்கூன் சாலையைக் கடந்து போய், அப்பாவுக்கு ஒரு நெய்த் தோசை, அம்மாவுக்குச் சர்க்கரையில்லாத காப்பி. ஜன்னலோரமாக இடம் கேளுங்கள். எதிரே பூக்கடைக்காரர்கள் அந்நேரம்தான் மல்லிகைச் சரங்களைத் தொங்கவிடத் தொடங்கியிருப்பார்கள்.